செத்த பிக்சல் டாக்டர்

ஆட்டோ நிற்பதற்கு முன்பே ஷாஹிந்தா குதித்துவிட்டாள். ஒரு செருப்பு ஆட்டோவோடு போய்விட்டது. கத்திக் கூப்பிட்டுப் பயனில்லை. அந்த ஆட்டோவில் அலறிய பாட்டுக்கு முன்னால் வெடிகுண்டே தோற்றுவிடும். மணி பன்னிரண்டேகால். இரண்டு மணிக்குள் அண்ணன் சுப்ஹியைக் கண் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாக வேண்டும். அந்த மகானோ ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த்திசையில், இம்பாபா பேட்டையின் கடைசிச் சந்தில், சிவப்பும் நீலமுமாய்ப் பூப்போட்ட கல்யாணப் பந்தலுக்குள் நின்றுகொண்டிருந்தான்.

கல்யாணம் யாருக்கும் இல்லை. பந்தல் டாக்டர் மிஸ்பாஹுக்காகப் போட்டது.

வாசலில் ஒரு பேனர் தொங்கியது. ‘இறைவன் உங்கள் கண்ணுக்குக் கொடுத்தது 576 மெகாபிக்சல். பொறாமைக்காரன் விட்டுவைத்தது எத்தனை?’ அதற்குக் கீழே டாக்டரின் படம். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கண் வைத்தியருக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் அங்கே பந்தலே முளைத்திருக்காது.

டாக்டர் மிஸ்பாஹின் மகத்தான கண்டுபிடிப்பு இதுதான். மனிதக் கண் என்பது ஒரு திரை. கோடிக்கணக்கான புள்ளிகள் கொண்ட திரை. யாராவது வயிற்றெரிச்சலோடு உன்னைப் பார்த்தால், அந்தப் பார்வை பட்ட இடத்தில் உன் கண்ணின் புள்ளிகள் கூட்டமாகச் செத்துப்போகும். போன் திரையில் பிக்சல் சாவதில்லையா, அதே மாதிரி. போனில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தால் ஒரு வாரம் சோறு இறங்காத ஊர் அது. சொன்னவுடன் நம்பியது.

நம்பாதவர்களுக்கு நிரூபணமும் உண்டு. ஒரு வெள்ளை அட்டை. அதன் இடது பக்கம் கறுப்பு மையால் ஒரு கூட்டல் குறி. மூன்று விரல் தள்ளி வலது பக்கம் ஒரு நீல மணி, கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தை சட்டையில் குத்துகிற அதே மணியில் குட்டி ரகம், ஒட்டியிருக்கும். இடது கண்ணை மூடு. வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார். டாக்டர் அட்டையை மெதுவாக முகத்தருகே கொண்டுவருவார். ஒரு சாண் தூரம் வந்ததும் நீல மணி காணாமல் போகும். மங்காது, கலங்காது, இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

“பார்த்தியா, காப்பாத்துற மணியையே முழுங்கிருச்சு,” என்பார் டாக்டர் சோகமாக. “கொழுத்த பொறாமை.”

பிறகு சிகிச்சை. காகிதத்தில் ஒரு பொம்மை வெட்டுவார்கள். பொறாமைக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஊசியால் குத்த வேண்டும். இதை எல்லார் வீட்டிலும் அம்மாமார்கள் இலவசமாகவே செய்வார்கள். டாக்டரின் புதுமை அதற்கப்புறம்தான். பொம்மையை எரித்த சாம்பிராணிப் புகைக்குள் ஒரு பெரிய டிவி. அதில் சிவப்பு, பச்சை, நீலம், சிவப்பு, பச்சை, நீலம் என்று படபடவென வெளிச்சம் மாறும். கால் மணி நேரம் இமைக்காமல் பார்த்தால் செத்த பிக்சல் உயிர்த்தெழும். மறுபடி அட்டைச் சோதனை. இப்போது மணி மறையவே மறையாது. பந்தலே குலவையிடும். கட்டணம் இருநூறு பவுண்டு; குலவை அதில் அடக்கம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓட்டை இருக்கிறது என்று கேட்டு யாரும் அழவில்லை. பூரித்துப் போனார்கள். சும்மாவா, பொறாமைப்பட ஆள் இருக்கிறது என்றால் பொறாமைப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மீன் கடை ஹாஜ்ஜா தவ்லத், தனக்கு மணி முழுதாக மறைந்ததைச் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எதிர் வீட்டுக்காரி தனக்கும் முழுதாகத்தான் மறைந்தது என்று சொல்லப்போக, இருவருக்கும் மூன்று வாரமாகப் பேச்சு இல்லை.

ஷாஹிந்தா கூட்டத்துக்குள் முழங்கையை விட்டு நுழைந்தாள். அத்தபா சந்தையில் பத்து வருடமாக போன் திரை மாற்றுகிறவள் அவள். கைவிரலில் எப்போதும் பசை. மெல்லிய பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று சட்டைப் பையிலேயே கிடக்கும். இம்பாபாவில் அவள் பெயர் எஞ்சினியரம்மா. டிகிரி கிடையாது; ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவர்கள் எல்லாரும் அங்கே எஞ்சினியர்தான்.

சுப்ஹி டிவிக்கு முன்னால் முதல் நாற்காலியில் இருந்தான். மாடியில் எழுபது புறா வளர்ப்பவன். முந்தாநாள் சாயங்காலம் புறாக்களைத் திருப்பி அழைக்கக் கொடி வீசிக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் மின்னல் அடித்தது. பிறகு கரித்தூள் பறந்தது. பிறகு ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை விழுந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா நேற்று பார்த்தாள். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை பெயர்ந்துகொண்டிருக்கிறது, நடுப்பகுதி இன்னும் விடவில்லை, நாளை இரண்டு மணிக்கு ஆபரேஷனுக்கு வராவிட்டால் அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினாள். ஷாஹிந்தாவுக்கு அது உடனே புரிந்தது. பசை விட்ட திரை. நடு வரைக்கும் தூக்கிக்கொண்டால் அப்புறம் அழுத்தி ஒட்டினாலும் பழைய படம் வராது.

சுப்ஹிக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. கத்தி. விடிந்ததும் நழுவிவிட்டான்.

“மின்னல் இன்னும் அடிக்குதாண்ணே?”

“அடிக்குது. அது பிக்சல் உயிர் பிடிக்கிற வெளிச்சமாம். டாக்டர் சொன்னாரு.”

“கறுப்புத் திரை?”

அவன் தயங்கினான். “காலையில இருந்ததுக்கு இப்ப கொஞ்சம் உள்ள வந்திருக்கு.”

“எந்திரி.”

“வரமாட்டேன். ஓட்டை இருக்கறது நிஜம் ஷாஹிந்தா. மணி மறைஞ்சதை என் கண்ணால பார்த்தேன்.”

“மறைஞ்சதை எப்படிண்ணே பார்த்த?”

சுப்ஹிக்குக் கோபம் வந்துவிட்டது. பொம்மையைப் பதினோரு முறை குத்தியதாகவும், பதினொன்றும் எதிர் மாடிப் புறாக்காரன் வலீத் பேரில்தான் என்றும், இன்னும் கால் மணி நேரம் டிவி பார்த்தால் தீர்ந்தது என்றும் சொன்னான். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் சொன்னான்: “இந்த ஆள் சொல்றது பொய்னு எல்லார் முன்னாடியும் காட்டு. அடுத்த நிமிஷம் உன் கூட வரேன். காட்டலேன்னா என்னை விட்டுரு.”

பந்தல் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. ஷாஹிந்தா ஒற்றைச் செருப்போடு மேடை ஏறினாள்.

அங்கே டாக்டரையும் அவர் கையிலிருந்த அட்டையையும் கிட்டத்தில் பார்த்ததும் அவள் கால் ஒரு நொடி நின்றது. அவளைப் பார்த்ததும் டாக்டரின் கையும் ஒரு நொடி நின்றது. ஏன் என்று இருவருமே சொல்லவில்லை. நாமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; நேரம் ஓடுகிறது.

“என்னம்மா வேணும்?” என்றார் டாக்டர். “ஒரு செத்த புள்ளிக்கு வாரண்டி கிடையாதுன்னு ஏழையைத் துரத்துற ஆளுங்க நீங்க. இங்க புள்ளிக்கு உயிர் கொடுக்கறோம். ஓரமா நின்னு பாருங்க.”

கூட்டம் சிரித்தது. ஷாஹிந்தா சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள்.

“ஒரே ஒரு சந்தேகம் டாக்டர். பொறாமை பட்டவன் கண்ணுலதான ஓட்டை விழும்? அப்ப யாரும் பொறாமைப்படாத ஆளுக்கு ஓட்டை இருக்கக் கூடாது.”

“இருக்காது,” என்றார் டாக்டர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இந்தச் சந்துல யார் மேல யாருமே பொறாமைப்படல? கை தூக்குங்க.”

முந்நூறு பேர். ஒரு கை எழவில்லை. வாடகை கொடுக்க முடியாமல் ஒளிந்து திரிபவன்கூடக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். என் மேல் பொறாமைப்பட ஒருத்தனும் இல்லை என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வதைவிடக் கண் போவது மேல் அல்லவா!

பிறகு மெதுவாக, ஒருவர் சொல்லாமலே, முந்நூறு தலையும் ஒரே பக்கம் திரும்பின. பந்தல் கம்பத்தில் சாய்ந்து, அடுத்தவர் கொடுத்த சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான் அப்துல் மவ்ஜூத். போன குளிர்காலத்தில் அவன் வீட்டுக் கூரை விழுந்தது. மனைவி அம்மா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். வாங்கிய ஆட்டோவைக் கழுதை வண்டி இடித்தது. அவன் ஆதரிக்கும் கால்பந்து அணி எது என்று சொன்னால் நீங்களே அழுதுவிடுவீர்கள்.

அவனை மேடையில் ஏற்றினார்கள். இடது கண்ணை மூடினான். கூட்டல் குறியைப் பார்த்தான். ஷாஹிந்தா கேட்டு வாங்கிய அட்டையை அவளே பிடித்தாள். ஒரு சாண் தூரம் வந்தது.

“மணி போச்சு,” என்றான் மவ்ஜூத்.

பந்தல் திகைத்தது. ஷாஹிந்தா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். இப்போதாவது யோசிப்பார்கள் என்று நினைத்தாள். பாவம், பத்து வருடம் இயந்திரங்களோடு பழகியவள்.

மவ்ஜூதின் கண்ணில் தண்ணீர் பொங்கியது. “என் மேல… என் மேல ஒருத்தன் பொறாமைப்பட்டிருக்கான்,” என்றான் தழுதழுத்து.

“ரகசியப் பொறாமை!” என்று பாய்ந்து பிடித்துக்கொண்டார் டாக்டர். “அதுதான் ரொம்ப ஆபத்து!” கூட்டம் கைதட்டியது. நாலு பேர் மவ்ஜூதைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். ஹாஜ்ஜா தவ்லத் அவனை மேலும் கீழும் புது மரியாதையோடு பார்த்தாள். முதல் நாற்காலியிலிருந்து சுப்ஹி, போதும் வீட்டுக்குப் போ என்று தங்கைக்குக் கை காட்டினான்.

பன்னிரண்டு ஐம்பது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாலத்தில் எப்படியும் அரை மணி நேரம் மாட்டும்.

ஷாஹிந்தா தலையைக் குனிந்தாள். தோற்றவள் போலக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று மூக்கைச் சிந்தினாள். கொஞ்சம் நீளமாகவே சிந்தினாள். திரும்பியபோது குரல் மாறியிருந்தது.

“மன்னிச்சுக்கோங்க டாக்டர். எங்க அண்ணனை உங்க கிட்டயே விட்டுட்டுப் போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. முழுசா ஐந்நூத்தி எழுபத்தாறும் இருக்கற கண்ணு எப்படி இருக்கும்னு பார்க்கணும். உங்க கண்ணுல ஓட்டை கிடையாதே?”

“ஒண்ணுகூடக் கிடையாது.”

“எங்களுக்குக் காட்டுங்களேன்.”

கூட்டத்துக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. காட்டுங்க, காட்டுங்க என்றது. டாக்டர் புன்னகைத்தார். இதில் பயப்பட என்ன இருக்கிறது? மணி மறையும். மறையவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் கண்ணுக்குள் எட்டிப்பார்க்க யாரால் முடியும்? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணைக் கையால் மூடினார். ஷாஹிந்தா அட்டையைச் சரியாக ஒரு சாண் தூரத்தில், மெதுவாகக் கொண்டுவராமல் எடுத்த எடுப்பிலேயே, முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“கூட்டல் குறியைப் பாருங்க. மணி தெரியுதா டாக்டர்?”

“தெரியுது.”

“சும்மா ஒப்புக்குச் சொல்லாதீங்க. எப்படித் தெரியுது?”

“பளிச்சுனு தெரியுது. நடுவுல வெள்ளை வளையம், அதுக்குள்ள கறுப்பு. அலெக்ஸாண்ட்ரியா கடல் மாதிரி நீலம்.” டாக்டர் கையை விரித்தார். “ஒரு பிக்சல் குறையல.”

கூட்டம் குலவையிட வாயைத் திறந்தது.

ஷாஹிந்தா அட்டையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். கூட்டல் குறி இருந்தது. மூன்று விரல் தள்ளிக் கொஞ்சம் பசை இருந்தது. மணி இல்லை. இடது உள்ளங்கையை விரித்தாள். அங்கே உட்கார்ந்து எல்லாரையும் முறைத்தது நீல மணி. மூக்கைச் சிந்தும் நேரத்தில் ஒரு திரையையே பெயர்க்கிறவளுக்கு ஒரு மணியைப் பெயர்க்க எவ்வளவு நேரமாகும்?

திறந்த வாய்கள் திறந்தபடியே இருந்தன. எங்கோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு பந்தல் கம்பங்களே ஆடுகிற மாதிரி சிரிப்பு. சுப்ஹி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுத்தான்.

“அவர் பொய் சொன்னாரு, சரி,” என்றாள் ஹாஜ்ஜா தவ்லத், மேடையருகே வந்து. “ஆனா எனக்கு முதல்ல மறைஞ்சுது, அப்புறம் மறையலயே. அது எப்படி எஞ்சினியரம்மா?”

மூன்று மாதத்தில் அந்தப் பந்தல் கூட்டத்திலிருந்து எழுந்த முதல் கேள்வி அது. ஷாஹிந்தாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மணியை எச்சில் தொட்டுப் பழைய இடத்திலேயே ஒட்டி, ஹாஜ்ஜாவுக்குக் காட்டினாள். மறைந்தது. அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். கூட்டல் குறி தலைகீழானாலும் கூட்டல் குறிதான். மணி மட்டும் வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் வந்துவிட்டது. மறுபடி அதே சாண் தூரம். மணி அசையாமல் நின்றது.

“குணமாயிருச்சு,” என்றாள் ஷாஹிந்தா. “சாம்பிராணி இல்ல, டிவி இல்ல. காகிதத்தைத் திருப்பினேன். அவ்வளவுதான்.”

“அப்ப ஓட்டை?”

“எல்லாருக்கும் இருக்கு ஹாஜ்ஜா. உங்க போன்ல காமிராவுக்காகத் திரையில ஒரு ஓட்டை விட்டிருக்கான்ல, அங்க படம் வராதுல்ல? அந்த மாதிரி. கண்ணுலேர்ந்து மூளைக்கு ஒயர் போகணும். அது வெளிய போற இடத்துல பார்வை கிடையாது. வலது கண்ணுக்கு வலது பக்கம், இடது கண்ணுக்கு இடது பக்கம். பொறக்கும்போதே இருக்கு. யார் பொறாமையும் வேண்டாம்.”

“அப்ப ஏன் நமக்குக் கறுப்பாத் தெரியல?”

“திரைன்னா தெரியும். கண்ணு திரையில்லயே. திரை ஒவ்வொரு புள்ளியையும் உள்ளபடி காட்டும், செத்ததையும் சேர்த்து. கையை நீட்டினா கட்டை விரல் நகம் எவ்வளவு தெரியுமோ, கண்ணுக்கு நடுவுல அவ்வளவுதான் கூர்மை. மத்ததெல்லாம் மூளை ஓடி ஓடிப் பொறுக்கிச் சேர்க்கறது. ஓட்டை இருந்தா அக்கம்பக்கத்து நிறத்தைப் பூசி மூடிரும். நம்ம கிட்ட சொல்லாது.”

ஹாஜ்ஜா யோசித்தாள். யோசிப்பது அந்தப் பெரிய முகத்தில் மெல்ல மெல்லப் பரவியது. பிறகு டாக்டரைத் தேடினாள்.

டாக்டர் பந்தலின் பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டிருந்தார். உடம்பு வெளியே போய்விட்டது. வெள்ளைக் கோட்டு ஆணியில் மாட்டிக்கொண்டது. இருபது வருடம் வழுக்கும் மீனைப் பிடித்த கை அவர் காலரைப் பிடித்தது. அதற்குப் பிறகு அங்கே நடந்ததை விவரிக்கப் போவதில்லை. மறுநாள் போலீஸ் நிலையத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் மீன் வாடை அடித்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

துக்கத்தில் இருந்தவன் மவ்ஜூத் ஒருவன்தான். “அப்ப என் மேல யாரும் பொறாமைப்படலயா?” என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இனிமே படுவாங்க மவ்ஜூத் அண்ணே,” என்று ஓடிக்கொண்டே சொன்னாள் ஷாஹிந்தா. “இந்தச் சந்துல டாக்டருக்கு ஒரு பவுண்டுகூடக் கொடுக்காத ஒரே ஆள் நீங்கதான்.”

மவ்ஜூத் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் ஓடினாள். சுப்ஹி அவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

பாலத்தில் இருபத்தைந்து நிமிடம் மாட்டினார்கள். இரண்டு அடிக்க நாலு நிமிடம் இருக்கையில் டாக்டரம்மாவின் முன் நின்றார்கள். நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை அடைத்து, அது விழித்திரையை அழுத்திப் பிடிக்கும் வரை குப்புறப் படுத்துத் தரையையே பார்க்கச் சொன்னார்கள். பார்வை தங்கும் என்றாள் டாக்டரம்மா. புறாவை எண்ணலாமா என்று சுப்ஹி தரையைப் பார்த்துக் கேட்டான். எண்ணலாம் என்றாள் டாக்டரம்மா. ஆனால் வலீதின் புறாக்களைச் சேர்த்து எண்ணக் கூடாது என்றாள் ஷாஹிந்தா.

சாயங்காலம் ஷாஹிந்தா அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், தங்கையின் ஒற்றைச் செருப்பும், பக்கத்தில் ஒரு வெறுங்காலும்தான்.

“ஷாஹிந்தா.”

“ம்.”

“உன் கடை அத்தபாவுல. அந்தாள் இம்பாபாவுல. ஒரு செத்த புள்ளிக்கு நீ வாரண்டி தரமாட்டேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

வெறுங்கால் செருப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

பிறகு சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன் ஒருவன் கடைக்கு வந்தான். அப்போது கோட்டு இல்லை, ஸ்டெதஸ்கோப் இல்லை. புது போனில் ஒரே ஒரு புள்ளி செத்திருக்கிறது, மாற்றிக் கொடு என்றான். ஒரு புள்ளிக்கு மாற்ற முடியாது என்றாள். ஒரு மணி நேரம் கத்தினான். கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவன் வாயை அடைக்க, பில்லைத் திருப்பி, அதில் பேனாவால் ஒரு கூட்டல் குறியும் மூன்று விரல் தள்ளி ஒரு புள்ளியும் போட்டாள். உன் கண்ணிலேயே இதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது பார், அதற்கு யாரிடம் போய் வாரண்டி கேட்பாய் என்றாள். கடையே சிரித்தது. அன்றைக்கு அவளுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் ரொம்பப் பெருமை.

“அவன் மட்டும் சிரிக்கலண்ணே. பில்லையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் ‘இது எனக்கு மட்டுமா, எல்லாருக்கும் இருக்கா’ன்னு கேட்டான். எல்லாருக்கும்னேன். பில்லை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போயிட்டான்.”

சுப்ஹி தரையைப் பார்த்தபடியே கிடந்தான்.

இம்பாபாவின் அந்தப் பந்தலுக்கு மூன்று மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். ‘எல்லாருக்கும் இருக்கா?’ என்ற அந்தக் கேள்வியை ஒரே ஒருவன்தான் கேட்டிருந்தான். அவன் டாக்டர் ஆனான். கேட்காதவர்கள் வரிசையில் நின்றார்கள்.